மூணு விசில் வரைக்கும்

பம்பாய்ச் செம்பூர் காலனியின் அந்த இரண்டாவது மாடியில் எதிரெதிராக இரண்டு கதவுகள். ஒன்றுக்குப் பின்னால் நாகலக்ஷ்மி மாமி. இன்னொன்றுக்குப் பின்னால் ரஞ்சனா. மாமி வீட்டுக் கதவில் ஒரு கண்ணாடிக் கண் பதித்திருக்கிறது. முகத்தில் இருக்கிற இரண்டே மாமிக்குத் தாராளம் என்பது காலனியின் கருத்து. ஆனாலும் மாமி எதையும் வீணாக்குகிறவள் இல்லை.

அந்தக் கண் வழியாக மாமி சேகரித்த செய்திகள் இவை. ரஞ்சனா வீட்டுக்கு மத்தியானம் மெஸ்ஸிலிருந்து டப்பா வரும், சாயங்காலம் அது காலியாக வாசலில் உட்கார்ந்திருக்கும். கீபோர்டு சத்தம் வரும். தனக்குத் தானே பேசிக்கொள்கிற சத்தமும் வரும். ஆனால் இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட அந்த வீட்டிலிருந்து குக்கர் விசில் வந்ததில்லை.

"விசிலே வராதுன்னா அது ஆத்துல சேர்த்தியா, ஆபீஸா?" என்று கீழ்வீட்டு விஜயராணியிடம் மாமி கேட்டதுண்டு.

"அவங்க பாட்டு எழுதறவங்களாமே மாமி. மெட்டும் அவங்களேதானாம்."

"சினிமாலயா?"

"இல்லையாம்."

"டிவில?"

"அதுவும் இல்லையாம். நாடகத்துலயாம்."

"பின்னே எங்கேதான் போய்க் கேக்கறது அதை?"

நியாயமான கேள்வி. நாடகப் பாட்டை டிக்கெட் வாங்கிக்கொண்டு போய், அன்றைக்கு, அந்த இருட்டில் உட்கார்ந்துதான் கேட்க வேண்டும். விளக்குப் போட்டால் பாட்டு போய்விடும்.

தொடரின் நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி. ரஞ்சனா ஐம்பதைத் தாண்டியவள். கோட்டைப் பக்கம் பாங்க் உத்தியோகத்தில் இருந்தவள். கல்லூரிப் போட்டி நாடகங்களுக்குப் பாட்டுக் கட்டி, குழந்தைகள் நாடகத்துக்குக் கட்டி, நடுவில் சோப்புக்கும் பிஸ்கட்டுக்கும் கட்டி, ஒரு நாள் பாங்கை விட்டுவிட்டு முழுநேரமாக இந்தி இசை நாடகங்களுக்கே போய்விட்டாள். மாட்டுங்காவில் அவளுக்கு 'நல்ல வேலையை விட்டவ' என்று பெயர். அங்கேதான் அக்கா விஜயலக்ஷ்மி என்கிற விஜி இருக்கிறாள், கணவர் சுந்தரராமனோடும் பெண் ஸ்மிதாவோடும்.

இந்த வருஷம் விஜி அவர்கள் சங்கத்து மகளிர் பிரிவுக்கு உபதலைவி. ஆனவுடன் செய்த முதல் காரியம், ஆண்டு விழாவுக்குத் தங்கையின் நாடகத்தைப் பிடித்துப் போட்டது. "நம்ம ஹால்ல, நம்மவா நடுவுல!" என்று போஸ்டரை வாட்ஸப்பில் அனுப்பினாள். ரஞ்சனாவும் பதிலுக்கு ஒரு இதயத்தைத் தட்டி அனுப்பிவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போனாள். பாதி தேய்க்கையில் அந்தப் பாட்டு ஞாபகம் வந்தது. குழாய்த் தண்ணீர் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கை அப்படியே நின்றுவிட்டது.

போன வாரம் அவளை அங்கேதான் விட்டு வந்தோம்.

*

அந்தப் பாட்டின் கதையைச் சொல்லியாக வேண்டும்.

நாடகத்தில் ஒரு பாத்திரம் பேசிப் பேசி, இனிமேல் பேசி ஆகாது என்கிற இடத்துக்கு வரும்போது பாட வேண்டும். அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் ரஞ்சனாவின் தொழில். கண்டுபிடித்ததும் முதலில் மெட்டு வரும், வார்த்தை அப்புறம்தான். அதுவரைக்கும் மற்றவர்கள் தானனா என்று பாடி ஒப்பேற்றுவார்கள். ரஞ்சனாவுக்குத் தானனா வராது. வாயில் வருவது வீட்டுத் தமிழ். பால் பொங்கினது, வேலைக்காரி வராதது, எது கிடைத்தாலும் மெட்டில் உட்கார்த்திவிடுவாள். டம்மி வரி என்று அதற்குப் பெயர். பிறகு இந்தி வரிகளை எழுதி உட்கார வைத்துவிட்டுத் தமிழைக் கழுவி விட்டுவிடுவாள்.

நாடகக் குழுவில் ஒருவருக்கும் தமிழ் தெரியாது. அதனால் டம்மி வரி அவளுக்குக் குளியலறை மாதிரி. தாழ் போட்டுக்கொண்டு எதை வேண்டுமானாலும் பாடலாம்.

இந்த நாடகத்துக்குப் பெயர் 'லைன் பிஸி ஹை'. பழைய நாள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த பெண்களின் கதை. அதில் மிஸ் ஐயர் என்று ஒருத்தி. பகலெல்லாம் ஊருக்கே லைன் போட்டுக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் பேச ஆளில்லாத ஹாஸ்டல் அறைக்குத் திரும்புகிறவள். முதல் பாதி முடிகிற இடத்தில், திரைக்குப் பின்னால் எக்ஸ்சேஞ்சைக் கழற்றி ஹாஸ்டலை மாட்டுவதற்கு ஆட்களுக்கு நேரம் வேண்டும். அந்த நேரத்தை நிரப்ப, திரைக்கு முன்னால் மிஸ் ஐயர் நின்று பாட வேண்டும்.

டைரக்டர் நகுல் டம்மியைக் கேட்டான். "தீதி, இதையே வெச்சுடலாம். மிஸ் ஐயர் தமிழ்லதானே பாடுவா? அர்த்தம் யாருக்குத் தெரியப் போறது?" என்று இந்தியில் சொன்னான். குழுவில் எல்லாருக்கும் அவள் தீதி, அதாவது அக்கா.

யாருக்கும் தெரியவில்லைதான். அந்தேரியில் அழுதார்கள், பாந்த்ராவில் அழுதார்கள், புனாவுக்குப் போயிருந்தபோது ஒரு மராட்டிக் கிழவர் மேடைக்கு ஏறி வந்து அழுதார். ஒரு பத்திரிகையில் 'உருக்கமான பழந்தமிழ் பக்திப் பாடல்' என்றுகூட எழுதினார்கள்.

அந்தப் பக்திப் பாடல் இது:

*கதவைச் சாத்தி, தாழைப் போட்டு,*
*கேஸை மூடியாச்சான்னு பார்த்து,*
*ரெண்டு டம்ளர் எடுத்தேன், ஒண்ணைத்*
*திரும்ப வச்சேன், திரும்ப வச்சேன்.*

*ஞாயித்துக்கிழமை போன் வரும்,*
*மூணு விசில் வரைக்கும் பேச்சு வரும்,*
*'சௌக்கியம்தானே?' 'சௌக்கியம்தான்.'*
*அடுப்பு கூப்பிடும், விஜி போயிடுவா.*

கடைசி வரி மட்டும் இரண்டு தடவை.

*

ஞாயிற்றுக்கிழமை காலையில் ரஞ்சனா காப்பி கலந்தாள். அலமாரியிலிருந்து இரண்டு எவர்சில்வர் டம்ளரை எடுத்தாள். ஒன்றில் அவள் அம்மாவின் பெயர் வெட்டியிருக்கிறது. இன்னொன்றில் 'கோ. நா.' என்று வெட்டியிருக்கிறது. இந்தக் குடும்பத்தில் 'கோ'வில் ஆரம்பிக்கிற பெயர் யாருக்கும் கிடையாது. அந்த டம்ளரை ஒரு நிமிஷம் கையில் வைத்திருந்துவிட்டுத் திரும்ப வைத்தாள்.

பிறகு கீபோர்டு முன்னால் உட்கார்ந்து பாட்டை மாற்றிப் பார்த்தாள். விசிலை எடுத்துவிட்டு நிலாவைப் போட்டாள். ஜன்னலைப் போட்டாள். மழையைக்கூடப் போட்டுப் பார்த்தாள். பாட்டு, கல்யாண ரிசப்ஷனுக்கு வாடகை கோட்டு மாட்டிக்கொண்டு வந்தவன் மாதிரி விறைத்துக்கொண்டு நின்றது. அவளுக்கே சிரிப்பு வந்தது. சிரித்துவிட்டு, கேட்க ஆளில்லாததால் நிறுத்திக்கொண்டாள்.

கடைசியில் ஒன்றே ஒன்றுதான் வழி என்று தோன்றியது. 'விஜி'யை எடுத்துவிட்டு 'மணி'. இரண்டே எழுத்து. பம்பாயில் மணி இல்லாத குடும்பம் எது?

ஆனாலும் நிம்மதி வரவில்லை. ஸ்மிதாவைக் கூப்பிட்டாள்.

"சித்தி! அம்மா இங்கே பட்டுப் புடவையை அயர்ன் பண்ணி, அப்பாவையும் அயர்ன் பண்ணிண்டிருக்கா. ஃபுல் டென்ஷன்."

"ஸ்மிதா, எனக்கு ஒரு உபகாரம் பண்ணணும். இண்டர்வலுக்கு முன்னாடி ஒரு பாட்டு வரும். அதுக்கு முன்னாலயே அம்மாவை வெளியில அழைச்சுண்டு போயிடு. காப்பி, வடை, எதையாவது சொல்லி."

"க்யோ? ஏன், பாட்டு அவ்வளவு மோசமா?"

"வரிகளை அனுப்பறேன், பாரு. அதுல வர பேரை மாத்திடறேன், ஆனாலும்..."

அனுப்பினாள். இரண்டு நிமிஷம் கழித்து ஸ்மிதாவே கூப்பிட்டாள்.

"சித்தி, ஜிலேபியைப் பிச்சுப் போட்ட மாதிரி இருக்கு. எனக்குத் தமிழ் படிக்க வராதுன்னு தெரியுமோல்லியோ? வாயால சொல்லேன்."

ரஞ்சனா சொன்னாள். மெட்டில்லாமல் சொல்லும்போது அது பாட்டாகவே இல்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்க, நோயாளி பதில் சொல்கிற மாதிரி இருந்தது.

அந்தப் பக்கம் ஸ்மிதா அறைக் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"ஏன் சித்தி, நீ எங்களைக் கூப்பிடலாமே?"

"கூப்பிடறேனே."

"எப்போ?"

ரஞ்சனாவுக்குச் சட்டென்று ஞாபகம் வரவில்லை. "நீ வடையை மறந்துடாதே" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

*

மாட்டுங்கா ஹாலில் மூன்றரை மணிக்கே கூட்டம். மல்லிகைப்பூ வாசனையும் ஏ.சி. குளிரும் ஒன்றோடொன்று சண்டை போட்டுக்கொண்டிருந்தன. வாசலில் விஜயலக்ஷ்மி அரக்குப் பட்டில், மார்பில் உபதலைவி பாட்ஜோடு, மாப்பிள்ளை அழைப்புக்கு நிற்கிற மாதிரி நின்றாள்.

"இவதான் என் தங்கை. பாட்டு, மெட்டு எல்லாம் இவளேதான். பாங்க்ல மேனேஜரா ஆயிருக்க வேண்டியவ!"

பாராட்டா புகாரா என்று பிரித்துச் சொல்ல முடியாத அந்த வாக்கியத்தை விஜி வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். ரஞ்சனா கை கூப்பிக்கொண்டு நின்றாள். நாகலக்ஷ்மி மாமி செம்பூரிலிருந்து டாக்சி பிடித்து வந்திருந்தாள். எதிர்வீட்டுக்காரி என்கிற முறையில் இரண்டாவது வரிசை.

"அக்கா, நீ வாசல்லயே நின்னு சீஃப் கெஸ்ட்டைக் கவனிச்சுக்கோயேன். உள்ளே எல்லாம் நான் பார்த்துக்கறேன்."

"நன்னாருக்கே! நாடகத்தை ஏற்பாடு பண்ணினவ நான், செருப்புக்குக் காவலா நிக்கறது? முதல் வரிசை, நடு சீட்டு. கர்சீப் போட்டு வச்சாச்சு."

"உனக்கு இந்தி நாடகம் அலுப்பா இருக்கும்..."

"ரஞ்சு," விஜி குரலைத் தணித்தாள். "உன் நாடகம் ஒண்ணைக்கூட நான் பார்த்ததில்லை. அந்தேரிம்பே, ராத்திரி ஒன்பது மணிம்பே. உன் அத்திம்பேரை விட்டுட்டு எப்படி வரது? இன்னிக்கு ஒரு நாளாவது ஒழுங்காப் பார்க்கவிடு."

ரஞ்சனா கிரீன் ரூமுக்குப் போனாள்.

நகுல் அங்கே வாயில் ஊக்கைக் கடித்துக்கொண்டு யாருக்கோ காலர் தைத்துக்கொண்டிருந்தான்.

"அந்தப் பாட்டை இன்னிக்கு விட்டுடலாமா?" என்றாள் ரஞ்சனா.

"பாகல் ஹோ கயீ ஹோ, தீதி? பைத்தியமா? பின்னாடி செட்டை மாத்த வேண்டாமா? திரையைத் தூக்கினா ஆளுங்க ஏணி மேல நிப்பாங்க."

சரி, செட் மாற்றப் பிறந்த பாட்டு, செட் மாற்றத்தானே வேண்டும்? அவள் அஃப்ஷாவிடம் போனாள். குர்லாக்காரப் பெண். மிஸ் ஐயர் வேஷத்துக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு வார்த்தை மாத்தணும். விஜி இல்லை, மணி."

"மணி போயிடுவா, மணி போயிடுவா," அஃப்ஷா பாடிப் பார்த்தாள். "டீக் ஹை, சரிதான். ஆனா தீதி, வாய் பழகிப் போச்சு. நீங்க உதட்டைக் காட்டிடுங்க."

அது அவர்களுக்குள் இருந்த ஏற்பாடு. அஃப்ஷாவுக்குத் தமிழில் ஒரு எழுத்துத் தெரியாது. ரஞ்சனா மேடைக்குக் கீழே ஓரத்தில் கீபோர்டு வாசிப்பாள். ஒவ்வொரு தமிழ் வரிக்கும் முன்னால் அஃப்ஷா ஓரக்கண்ணால் அவள் உதட்டைப் பார்ப்பாள். உதடு என்ன காட்டுகிறதோ அதை வாய் பாடும்.

"காட்டறேன்," என்றாள் ரஞ்சனா. "மணி."

"மணி," என்றாள் அஃப்ஷா.

*

நாடகம் நன்றாகவே போயிற்று. சுவிட்ச்போர்டுப் பாட்டுக்குக் கைதட்டல். சூப்பர்வைசர் பாட்டுக்கு விசில். வாயால் அடிக்கிற விசிலைச் சொல்கிறோம். சுந்தரராமன் இரண்டாவது காட்சியிலேயே கண்ணை மூடிக்கொண்டுவிட்டார், ரசிக்கிறார் என்று சொல்லிக்கொள்ளலாம்.

கீபோர்டு இருந்த இடத்திலிருந்து முதல் வரிசை முழுக்க ரஞ்சனாவுக்குத் தெரிந்தது. மேடை வெளிச்சம் அக்கா முகத்தில் பட்டுக்கொண்டே இருந்தது. விஜி வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். நடு நடுவே பக்கத்தில் இருந்த சுப்புலக்ஷ்மியின் கையைத் தட்டி, 'இது என் தங்கை போட்டது' என்பது போல ஓரத்தைக் காட்டினாள். சுப்புலக்ஷ்மிதான் சங்கத் தலைவி.

எக்ஸ்சேஞ்சில் விளக்கு அணைகிற கட்டம் வந்தது. ஸ்மிதா அம்மாவின் காதில் குனிந்து ஏதோ சொன்னாள். விஜி தலையை ஆட்டி மறுத்தாள். ஸ்மிதா தோளைத் தொட்டாள். விஜி அந்தக் கையை ஈ ஓட்டுவது போல் தட்டிவிட்டு, ஹாலில் பாதிக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள்: "வடை எங்கேயும் ஓடிப் போயிடாதுடி!"

திரை விழுந்தது. பின்னால் ஏணி இழுக்கிற சத்தம். திரைக்கு முன்னால் மிஸ் ஐயர் வந்து நின்றாள்.

*கதவைச் சாத்தி, தாழைப் போட்டு...*

ஹாலில் ஒரு அசைவு ஓடியது. தமிழ்! இந்தி நாடகத்தில் தமிழ்! அதுவும் தம் வீட்டுச் சமையலறையில் பேசுகிற தமிழ். 'கேஸை மூடியாச்சான்னு' வந்ததும் அங்கங்கே சிரிப்பு. ரஞ்சனாவின் விரல் ஒரு கட்டையில் தடுக்கிற்று. இந்தப் பாட்டுக்கு இத்தனை நாளும் அழுகையைத்தான் பார்த்திருக்கிறாள். அர்த்தம் புரியாதவர்கள் அழுதார்கள். அர்த்தம் புரிந்தவர்கள் சிரிக்கிறார்கள்.

டம்ளர் வரிக்குச் சிரிப்பு குறைந்தது. ஞாயிற்றுக்கிழமைப் போன் வந்தது.

*மூணு விசில் வரைக்கும் பேச்சு வரும்...*

ஹால் வெடித்துச் சிரித்தது. எல்லார் வீட்டிலும் இருக்கிற குக்கர்தானே? எல்லாருக்கும் அப்படிப் போன் பண்ணுகிற ஒரு ஆளைத் தெரியும். விஜி தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். சுப்புலக்ஷ்மியின் தொடையில் அடித்து அடித்துச் சிரித்தாள். யாரோ ஒரு அசட்டு மனுஷியைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு அது.

*'சௌக்கியம்தானே?' 'சௌக்கியம்தான்.'*

அஃப்ஷாவின் ஓரக்கண் கீழே வந்தது. உதட்டுக்குக் காத்திருந்தது.

ரஞ்சனாவின் வாயில் 'மணி' தயாராகத்தான் இருந்தது. காலையிலிருந்து வைத்திருந்த மணி. ஆனால் கண் முன்னால் அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள். தன்னைத்தான் என்று தெரியாமலே சிரித்துக்கொண்டிருந்தாள். இந்த ஒரு வார்த்தையையும் விட்டுவிட்டால் இனி எப்போதுமே தெரியப் போவதில்லை.

உதடு 'விஜி' என்று காட்டிற்று.

*அடுப்பு கூப்பிடும், விஜி போயிடுவா...*
*அடுப்பு கூப்பிடும், விஜி போயிடுவா...*

முதல் தடவை விஜியின் சிரிப்பு பாதியில் நின்றது. இரண்டாவது தடவை அவள் திரும்பிக் கீபோர்டைப் பார்த்தாள். மேடையை அல்ல, கீபோர்டை. ஸ்மிதா தன் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஹால் கைதட்டியது. விளக்குப் போட்டார்கள்.

*

இடைவேளை முடிந்து விளக்கு அணைந்தபோது முதல் வரிசையின் நடு சீட்டு காலியாக இருந்தது. கர்சீப் மட்டும் கிடந்தது.

இரண்டாவது பாதி முழுவதும் ரஞ்சனா அந்தக் கர்சீப்புக்கு முன்னால் வாசித்தாள். ஒரு ஸ்வரம் பிசகவில்லை. அதுதான் அவளுக்கே பயமாக இருந்தது.

முடிவில் மேடைக்குக் கூப்பிட்டுச் சால்வை போர்த்தினார்கள். உபதலைவி போர்த்த வேண்டிய சால்வை. "உபதலைவிக்குத் திடீர்னு தலைவலி" என்று மைக்கில் சொல்லிவிட்டுத் தலைவி சுப்புலக்ஷ்மியே போர்த்தினாள். சபை மரியாதையாகக் கைதட்டிக்கொண்டே ஒருவர் காதை ஒருவர் கடித்தது.

"அந்த விஜி, நம்ம விஜிதானே?"

"பின்னே? எனக்கும் என் தங்கை கிரிஜாகிட்டப் பேசறச்சே குக்கர் சத்தம்தான் கேக்கும். பாவம், நான் தப்பா எடுத்துக்கலை."

"எழுதறவாளை வச்சுண்டா இதான். ஆத்து விஷயம் எல்லாம் மேடைக்கு வந்துடும்."

நாகலக்ஷ்மி மாமி நேராக வந்து ரஞ்சனாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. "ரஞ்சனா, சாயங்காலத்துல கதவைத் தட்டேன்டி, நான் சும்மாதானே இருக்கேன்?" என்றாள். ரஞ்சனா தலையாட்டினாள். மாமி உடனே, "அது யாருக்கு, அந்த..." என்று ஆரம்பிப்பதற்குள் நகுல் வந்து, கீபோர்டை டெம்போவில் ஏற்றலாமா என்று கேட்டுக் காப்பாற்றினான்.

"அம்மா எங்கே?" என்று ஸ்மிதாவைக் கேட்டாள்.

"ஆத்துக்குப் போயிட்டா. என்னை வரவேண்டாம்னுட்டா. சித்தி, நான் வடைன்னு மூணு தடவை சொன்னேன்."

"தெரியும். உன் மேல தப்பில்லை."

"நீ அந்தப் பேரை மாத்தறேன்னியே?"

ரஞ்சனா சால்வையைப் பிளாஸ்டிக் பையில் மடித்து வைத்தாள். "மறந்துடுத்து," என்றாள்.

கிங்ஸ் சர்க்கிளில் வண்டி ஏறி வடாலாவில் மாறினாள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், குழந்தையும் குட்டியுமாக. எதிர் சீட்டில் ஒருத்தி போனில் யாரிடமோ, "ஏறிட்டேன், குர்லா வந்ததும் கூப்பிடறேன், செம்பூர் வந்ததும் கூப்பிடறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் கூப்பிட ஒரு ஆள்! ரஞ்சனா தன் போனை எடுத்துப் பார்த்தாள். பாராட்டுச் செய்திகள் நிறைய வந்திருந்தன. எல்லாம் கை கூப்பின படங்கள்.

*

வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டாள். கதவைச் சாத்தித் தாழைப் போட்டாள். கேஸை மூடியாச்சா என்று பார்த்தாள். பார்த்த பிறகுதான் தன் பாட்டையே நடித்துக்கொண்டிருப்பது உறைத்தது.

காப்பிக்குப் பால் எடுக்கவில்லை. ஆனாலும் கை பழக்கத்தில் அலமாரிக்குப் போய் இரண்டு டம்ளரை எடுத்தது. ஒன்றைத் திரும்ப வைப்பதற்குள் போன் அடித்தது.

விஜி.

"ஆத்துக்கு வந்தாச்சா?"

"இப்பத்தான்க்கா."

"சால்வை போட்டாளா?"

"போட்டா. ஆரஞ்சு."

"நான் பச்சைன்னேன். உனக்குப் பச்சைதான் பிடிக்கும்னு கடையில நின்னு சண்டை போட்டேன். கேக்கலை."

ரஞ்சனா காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். பின்னால் மின்விசிறிச் சத்தம் மட்டும். அடுப்புச் சத்தம் இல்லை.

"அக்கா, அந்தப் பாட்டு..."

"எண்ணிண்டிருந்தியாடி?"

"என்னது?"

"விசிலை. இத்தனை வருஷமா எண்ணிண்டே இருந்தியா?"

"எண்ணலைக்கா. கேட்டுது."

"எல்லாரும் சிரிச்சா. நானும் சிரிச்சேன். யாரோ ஒருத்தி, தங்கையோட பேசக்கூட நேரமில்லாதவன்னு சிரிச்சேன். அப்புறம் பார்த்தா அது நானாக்கும். நான் சொல்லட்டுமா ஒண்ணு? நீ மேடை போட்டுச் சொன்னே. நான் போன்லயே சொல்றேன்."

"சொல்லு."

"முன்னெல்லாம் உன்னைக் கூப்பிட்டா, 'ரிஹர்சல்க்கா, வைக்கட்டுமா?'ம்பே. ஒவ்வொரு தடவையும் நீதான் வைப்பே. எனக்கு இங்கே மூஞ்சில கதவைச் சாத்தின மாதிரி இருக்கும். அதான் குக்கரை ஏத்திண்டு கூப்பிட ஆரம்பிச்சேன். விசில் வந்தா நான் வச்சேன்னு ஆயிடுமோல்லியோ? நீ வைக்கறதுக்கு முன்னாடி."

ரஞ்சனா சமையலறைச் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"சில நாள் அதுல அரிசிகூட இருக்காதுடி," என்றாள் விஜி. "வெறும் தண்ணி."

எதிர்வீட்டில் மாமி டி.வி.யை அணைத்தாள். ரஞ்சனா மூக்கை உறிஞ்சினாள்.

"அழறியா?"

"இல்லைக்கா."

"அழாதே. நான் அழுது முடிச்சாச்சு. சுப்புலக்ஷ்மி மூஞ்சில எப்படி முழிக்கறதுன்னு நாளைக்கு யோசிச்சுக்கறேன்." மூக்கை உறிஞ்சுகிற சத்தம். பிறகு விஜியின் குரல் மாறிற்று. பிறந்ததிலிருந்து ரஞ்சனாவுக்குத் தெரிந்த குரல். அம்மாவிடம் கோள் சொல்வதற்கு முன்னால் வருகிற குரல். "சரி, அது போட்டும். டாக்சில வரச்சே அதையே நினைச்சுண்டு வந்தேன். ரெண்டு டம்ளர்னு வரதே."

"ம்."

"ஒண்ணு உனக்கு. ரெண்டாவது யாருக்கு?"

"அது... மெட்டுக்கு வேணும்னு போட்டது."

"விசில் நிஜம், போன் நிஜம், விஜி நிஜம். டம்ளர் மட்டும் மெட்டுக்காக்கும்? யாருக்குடி?"

ரஞ்சனா கையில் இருந்த டம்ளரைப் பார்த்தாள். உதடு ஒரு பெயரைக் காட்டத் தயாராயிற்று. பார்த்துப் பாட இங்கே அஃப்ஷா இல்லை.

"அக்கா, அடுப்புல குக்கர் வச்சிருக்கேன். விசில் வரப் போறது. வைக்கட்டுமா?"

அந்தப் பக்கம் மின்விசிறியை நிறுத்துகிற சத்தம் கேட்டது.

"ரஞ்சு," என்றாள் விஜி மெதுவாக. "உன்கிட்ட குக்கர் ஏதுடி?"

அடுப்பு அணைந்தே கிடந்தது. போனை இவளும் வைக்கவில்லை, அவளும் வைக்கவில்லை. ரஞ்சனாவின் கட்டைவிரல், டம்ளரில் வெட்டியிருந்த இரண்டு எழுத்தை யாரோ பார்த்துவிடப் போகிறார்கள் என்பது போல் மூடிக்கொண்டிருந்தது.